பழைய காரைப் பிரிச்சுப் போட்ட மெக்கானிக்

செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கணும்னா வழக்கமா என்ன பண்ணுவோம்? தெரிந்த மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போம். பானட்டைத் திறந்து ஆயில் பார்ப்போம். பேப்பர்ஸ் எல்லாம் சரியா இருந்தா பணம் கைமாறும். நாலு மாசம் கழித்து வண்டி நடுரோட்டில் நின்றால்தான், அன்றைக்கு நாம் பார்த்தது எவ்வளவு கம்மின்னு புரியும்.

சுமார் 120 வருடத்துக்கு முன்னால், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் ஒருவர் பழைய பிரெஞ்சு கார் ஒன்றை வாங்கினார். அதன் வேலைப்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இது ஏன் இப்படி இருக்கு, இதை எப்படி நல்லா செய்யலாம்னு யோசித்தார். கடைசியில் தானே ஒரு கார் செய்துவிட்டார். அவர்தான் ஃபிரெடெரிக் ஹென்றி ராய்ஸ். ரோல்ஸ் ராய்ஸ் என்ற பேரில் இருக்கும் அந்த இரண்டாவது ஆள்.

அந்தப் பேரைக் கேட்டதும் பணக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனா ராய்ஸ் பிறந்த வீடு அப்படிப்பட்டது இல்லை. 1863 மார்ச் 27-ல் பீட்டர்பரோ பக்கத்தில் ஆல்வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்கு மாவு மில் தொழில். அது நொடித்துப் போக, குடும்பம் லண்டனுக்கு வந்தது. 1872-ல் அப்பாவும் இறந்துவிட்டார். அப்போது பையனுக்கு ஒன்பது வயது. பேப்பர் விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். முறையாகப் பள்ளிக்கூடம் போனது மொத்தமாவே ஒன்றிரண்டு வருடம்தான்.

பதினைந்து வயதை ஒட்டி, அவருடைய அத்தை வருடத்துக்கு 20 பவுண்டு கட்டி, பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். மூன்று வருடத்தில் அத்தையிடமும் பணம் தீர்ந்தது. பயிற்சி பாதியில் நின்றது. லீட்ஸில் கருவிகள் செய்யும் கம்பெனியில் கொஞ்ச நாள், அப்புறம் லண்டனில் மின்விளக்கு கம்பெனியில் வேலை. பகலில் வேலை, சாயங்காலம் மின்சாரம் பற்றிய வகுப்பு. டிகிரி, டிப்ளமோ எதுவும் கையில் இல்லை.

1884-ல் மான்செஸ்டரின் குக் தெருவில், எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பரோடு சேர்ந்து சின்னதா ஒரு பட்டறை போட்டார். ராய்ஸின் முதலீடு 20 பவுண்டு, நண்பருடையது 50 பவுண்டு. முதலில் காலிங் பெல் மாதிரியான சின்னச் சாமான்கள், பிறகு டைனமோ, மின்சார கிரேன் என்று தொழில் வளர்ந்தது. 1900 தாண்டியதும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவான சரக்கு வந்து இறங்கியது. விலையைக் குறைக்கத் தரத்தைக் குறைக்க ராய்ஸ் சம்மதிக்கவில்லை. வியாபாரம் தடுமாறியது, ஓயாத வேலையில் உடம்பும் கெட்டது.

அந்தச் சமயத்தில்தான் பழைய டெகோவில் காரை வாங்கினார். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். அந்தக் காலக் கார்களில் அது மோசமான மாடல் கிடையாது, சொல்லப்போனால் நல்ல பேர் எடுத்த வண்டிதான். ஆனா அப்போது நல்ல கார்களே அப்படித்தான் இருந்தன. சத்தம், அதிர்வு, சட்டென்று மக்கர் பண்ணும் இக்னிஷன். கார்னா அப்படித்தான் என்று ஓட்டுபவர்களும் பழகியிருந்தார்கள்.

ராய்ஸ் புதுசா எதையும் கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை. டெகோவிலின் அடிப்படை அமைப்பையே எடுத்துக்கொண்டார். இக்னிஷன், கார்புரேட்டர், கியர், சைலன்சர் என்று ஒவ்வொன்றையும் இன்னும் துல்லியமாகச் செய்தார். மின்சாரச் சாமான்களில் இருபது வருட அனுபவம் இங்கே கைகொடுத்தது. 1904 ஏப்ரல் 1-ம் தேதி முதல் கார் குக் தெருவிலிருந்து கிளம்பி, சுமார் 15 மைல் தள்ளி நட்ஸ்ஃபோர்டில் இருந்த அவர் வீடு வரைக்கும் ஓடியது.

மே 4-ம் தேதி மான்செஸ்டரின் மிட்லாண்ட் ஹோட்டலில் அவரைச் சந்தித்தார் சார்லஸ் ரோல்ஸ். பிரபு வீட்டுப் பிள்ளை, லண்டனில் வெளிநாட்டுக் கார்களை விற்றுக்கொண்டிருந்தவர். இரண்டு சிலிண்டர் கார்னா அதிரும், உறுமும் என்பது அவர் அனுபவம். இந்தக் காரில் ஏறியதும் அந்த எண்ணம் மாறிப்போனது. ராய்ஸ் செய்யும் கார்களை எல்லாம் தானே விற்பதாக ஒப்புக்கொண்டார்.

அதுக்கப்புறம் எல்லாம் வெற்றிதான்னு நினைக்க வேண்டாம். அடுத்து வந்த 30 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் காரில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. மெக்கானிக்கல் படிப்பவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்: டார்ஷனல் வைப்ரேஷன். நீளமான தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முறுக்கி முறுக்கி விடும், கடைசியில் விரிசல் விடும். அடுத்த 40/50 மாடலில் ராய்ஸ் தண்டைத் தடிமனாக்கி, ஏழு பேரிங்கில் தாங்க வைத்தார். சிலிண்டர்களையும் மூன்று மூன்றாக இரண்டு பிளாக்கில் அமைத்தார். உடைந்த பாகம்தான் அடுத்த டிசைனுக்குப் பாடம்.

இந்த 40/50-ல் பன்னிரண்டாவது கார்தான் சில்வர் கோஸ்ட். 1907-ல் அதை வைத்து, கம்பெனியின் நிர்வாகத்தைக் கவனித்த கிளாட் ஜான்சன் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆட்கள் கூடவே உட்கார்ந்து குறித்துக்கொள்ள, வண்டி லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர ராத்திரி பகல் ஓட்டம். ஆரம்பத்தில் ஒரு தடவை நின்றது. பெட்ரோல் குழாயின் திருகு அதிர்ச்சியில் தானாக மூடிக்கொண்டதுதான் காரணம். அதுக்குப் பிறகு 14,371 மைல், அதாவது 23,000 கிலோமீட்டருக்கு மேல், வண்டிக் கோளாறால் ஒரு தடவை கூட நிற்கவில்லை.

ஆனா இந்தச் சோதனையில் முக்கியமான கட்டம் ஓட்டம் முடிந்த பிறகுதான் வருது. மொத்தம் 15,000 மைல் ஆனதும் வண்டியை முழுசாகப் பிரித்து, தேய்மானத்தை அளந்தார்கள். வண்டியைப் பழையபடி புதுசாக்க என்னென்ன மாற்றணுமோ அதையெல்லாம் மாற்றச் சொன்னார்கள். எஞ்சினில் குறை இல்லை. ஸ்டியரிங் இணைப்புகளில் லேசான தேய்மானம், இன்னும் சில சின்னச் சாமான்கள். பாகங்களுக்கு ஆன செலவு 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். அடுத்த வருடம் அதே காரைத் தனியார் ஒருவருக்கு விற்றார்கள். பல லட்சம் மைல் ஓடி, 1948-ல்தான் அது கம்பெனிக்குத் திரும்பி வந்தது.

பிரிட்டனில் பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை வந்ததே 1960-ல்தான். பத்து வருடம் தாண்டிய வண்டிகளுக்கு பிரேக், லைட், ஸ்டியரிங் பார்த்தார்கள். அந்த மாதிரி சோதனை அவசியம், சந்தேகமே இல்லை. ஆனா வண்டி இன்றைக்கு ரோட்டில் போகத் தகுதியா இருக்கா என்பதைத்தான் அது சொல்லும். அடுத்த 15,000 மைலுக்கு என்ன ஆகும்னு சொல்லாது. பாஸ் ஆன வண்டியும் நம்பகமான வண்டியும் ஒன்று கிடையாது. எந்தப் பாகம், எவ்வளவு ஓட்டத்தில், எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்குதான் நம்பகத்தன்மை. ராய்ஸ் அந்தக் கணக்கைப் பார்த்தவர்.

1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். கொஞ்ச நாளில் ராய்ஸ் படுத்த படுக்கையானார், 1912-ல் பெரிய ஆபரேஷன். நேரத்துக்குச் சாப்பிடாமல், தூங்காமல் வேலை பார்த்ததன் விலை. டர்பியில் இருந்த தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே அவர் இருக்கக் கூடாதென்று ஆனது. மிச்ச இருபது வருடமும் பிரான்ஸின் தெற்குக் கரையிலும் இங்கிலாந்தின் வெஸ்ட் விட்டரிங் கிராமத்திலும் இருந்துகொண்டே டிசைன் பண்ணினார். வரைபடங்கள் அங்கிருந்து தொழிற்சாலைக்குப் போகும்.

அப்படி வந்ததுதான் ஈகிள் விமான எஞ்சின். 1919-ல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை முதல்முறை நிற்காமல் தாண்டியது இரண்டு ஈகிள் எஞ்சினை நம்பித்தான். நடுக்கடலுக்கு மேலே போகும்போது மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது இல்லையா? பிறகு ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்துக்கான ஆர் எஞ்சின் வந்தது. அதை டெஸ்ட் பெஞ்சில் முழு வேகத்தில் ஓட்டுவார்கள், ஏதாவது உடையும், உடைந்ததைப் பலப்படுத்தி மறுபடி ஓட்டுவார்கள். 1931-ல் அதன் சக்தி 2,300 குதிரைத்திறன். ஆரம்பம் முதல் கடைசி வரை அதே முறைதான்.

1930-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அப்போதும் தன்னை ஒரு மெக்கானிக் என்றுதான் சொல்லிக்கொண்டார். 1933 ஏப்ரல் 22-ல் வெஸ்ட் விட்டரிங் வீட்டில் காலமானார்.

நம்ம பிராஜெக்ட் ரிவ்யூ நாளில் மாடல் ஒரு தடவை ஓடினால் போதும்னு இருப்போம். மார்க் வந்ததும் அதை மூலையில் போட்டுவிடுவோம். அடுத்த தடவை ரிவ்யூ முடிந்ததும் அதை ஒரு நாள் முழுக்க ஓட விட்டு, அப்புறம் பிரித்துப் பாருங்கள். எது தேய்ந்தது, எது லூஸ் ஆனது, எது சூடானதுன்னு ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். மார்க் லிஸ்டில் இல்லாத விஷயம் அந்தப் பேப்பரில் இருக்கும். அப்படியே சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிடாதீங்க. எந்த மெஷினையும் தேய விடாத ராய்ஸ், தன் உடம்பை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார்.