ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின்

ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின் (மார்ச் 22, 1882 – மார்ச் 12, 1953) கனடாவில் பிறந்த வேதியியலாளர் ஆவார். சோப்புக் கரைசல்கள் பற்றியும், திண்மங்களின் பரப்பில் பிற பொருட்கள் ஒட்டிக்கொள்வது பற்றியும் இவர் செய்த ஆய்வுகள் புகழ் பெற்றவை. புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் இவரே.

வாழ்க்கை

நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் பிறந்த மெக்பெயின், டொராண்டோவிலும் பின்னர் செருமனியின் லைப்சிக், ஐடெல்பர்க் நகரங்களிலும் பயின்றார். 1906 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். அங்கு 1919 இல் இயல் வேதியியலுக்கான லீவர்ஹியூம் பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டபோது அதை முதலில் வகித்தவர் இவர். சோப்பை ஆராய்ந்தவருக்குக் கிடைத்த பதவி, சோப்பு உற்பத்தியால் செல்வந்தரான ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்தது பொருத்தமே. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1939 இல் டேவி பதக்கம் பெற்றார்.

ஆய்வுகள்

கரி ஐதரசனை எவ்வாறு ஏற்கிறது என்பதை ஆராய்ந்தபோது, ஒரு பகுதி வாயு பரப்பில் விரைவாக ஒட்டுவதையும், மற்றொரு பகுதி மெதுவாக உள்ளே ஊடுருவுவதையும் மெக்பெயின் கண்டார். பரப்பு கவர்தல், உட்கவர்தல் ஆகிய இரண்டையும் சேர்த்துக் குறிக்க 1909 இல் ஒரு பொதுச்சொல்லை உருவாக்கினார். தமிழில் இதைக் கவர்தல் என்று மட்டும் கூறலாம். கரி ஏற்கும் ஆவியின் எடையை, குவார்ட்சு சுருள்வில்லின் நீட்சியைக் கொண்டு அளக்கும் தராசு இன்றும் இவர் பெயரால் அறியப்படுகிறது.

சோப்புக் கரைசலில் இவர் கண்டது ஒரு புதிர். கரைசலில் தனித்தனித் துகள்கள் குறைவாகவே இருப்பதாக ஓர் அளவீடு காட்டியது; மின்கடத்துத்திறனோ அதற்கு மாறாக அதிகமாக இருந்தது. சோப்பு அயனிகள் மின்சுமையை இழக்காமலே கொத்தாகத் திரள்கின்றன என்று 1913 இல் இவர் விளக்கினார். ஒரே வகை மின்சுமை கொண்டவை ஒன்றையொன்று விலக்க வேண்டுமல்லவா? எனவே பலர் இதை ஏற்கவில்லை. பிற்கால ஆய்வுகள் மெக்பெயினின் பக்கமே நின்றன. இக்கொத்துகளே இன்று மைசெல் எனப்படுகின்றன. அவற்றின் வடிவம் பற்றி இவர் கூறியது முழுவதும் சரியன்று. கோள வடிவ மாதிரியை 1936 இல் ஹார்ட்லி முன்வைத்தார்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பயன்

சோப்பு, சலவைத் தூள் போன்றவற்றில் உள்ள பரப்புச் செயலிகள் ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளின் தோல் பதனிடும் தொழிலிலும் கொழுப்பை நீக்கப் பயன்படுகின்றன. கழிவுநீரிலிருந்து இவற்றை அகற்றும் வழிகளுள் ஒன்று, கிளர்வூட்டப்பட்ட கரியின் பரப்பில் ஒட்டச் செய்வதாகும். செறிவு குறைவாக இருக்கும்போது மூலக்கூறுகள் தனித்தனியே கரியில் ஒட்டுகின்றன. செறிவு ஒரு வரம்பைத் தாண்டினால், கூடுதலாக வருபவை பெரும்பாலும் மைசெல்களாகி நீரிலேயே தங்கிவிடுகின்றன. கரி ஏற்கும் அளவு அதன்பின் அதிகம் கூடுவதில்லை. நீரில் உப்பு மிகுந்தால் அயனி வகைச் செயலிகளுக்கு இவ்வரம்பு தாழ்கிறது. தோல் கழிவுநீரில் உப்புக்குப் பஞ்சமில்லை என்பதால் வடிவமைப்பாளர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

இந்தியாவில்

மெக்பெயின் 1949 இல் புனே ஆய்வகத்தின் இயக்குநரானார். 1950 சனவரி 3 அன்று சவகர்லால் நேரு அதைத் திறந்து வைத்தார். மெக்பெயின் 1952 இல் விலகினார். அடுத்த ஆண்டு காலமானார். அவருக்குப்பின் மலையேற்ற வீரருமான ஜார்ஜ் ஃபிஞ்ச் இயக்குநரானார். 1957 இல் சென்னையில் பிறந்த சாய வேதியியலாளர் கி. வெங்கட்டராமன் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியரானார்.