காதல் மொழிந்த கோதையார்

சிவகாசிக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரில், பெரியாழ்வார் தம் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த மகளே ஆண்டாள் எனப்பெறும் கோதையார். காலம் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்பர். பெருமாளுக்கெனத் தொடுத்த மாலையைத் தாமே முதலில் சூடி அழகு பார்த்தவர். பன்னிரு ஆழ்வாருள் ஒரே பெண்.

ஏனைய ஆழ்வார்கள் காதலைப் பாடத் தலைவியின் குரலை மேற்கொண்டனர். இவருக்கோ அது பிறவிக்குரல்! 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவையை மார்கழியில் ஊரே ஓதுகிறது. 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியை நாம் நாணத்தோடு கடந்து விடுகிறோம். காமனைத் தொழுவதும், மேகத்தைத் தூது விடுவதும், சங்கினிடம் பொறாமையோடு வினவுவதும், கனவில் மணக்கோலம் காண்பதும் அந்நூலில்தான். கைகூடாத ஏக்கமே காதல் இலக்கியத்தின் உயிர் என்பதை அங்கு உணர்கிறோம். 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபும் இறைவனை மனோன்மணி என்னும் காதலியாக்கி அவ்வாறே ஏங்கினார்.

திருவரங்கம் சென்று அரங்கனோடு கோதையார் கலந்தார் என்பது வைணவ மரபு.