எத்தீமாக வளர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

பாரசீகத்தின் தூஸ் நகரில் கம்பளி நூல் நூற்று, அதைத் தமது சிறு கடையில் விற்று வாழ்ந்தார் ஓர் ஏழை. இளமையில் எழுதக் கற்காத குறை அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. அவருக்கு முஹம்மது, அஹ்மது என இரு ஆண் மக்கள். மூத்தவர் ஹிஜ்ரி 450ல் (கி.பி. 1058) பிறந்தார் என்று ஏடுகள் கூறும். இவரே பிற்காலத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என்று உலகம் போற்றிய மேதை.

மக்கள் சிறுவராயிருக்கும்போதே தகப்பனாருக்கு மரணம் நெருங்கிற்று. சூஃபி நண்பர் ஒருவரை அழைத்துத் தம் கைப்பொருளையும் பிள்ளைகளையும் ஒப்படைத்தார். தமக்குக் கிட்டாத கல்வி இவர்களுக்குக் கிட்ட வேண்டும், அதற்காகப் பொருள் முழுவதும் கரைந்தாலும் பாதகமில்லை என்று வஸிய்யத் செய்தார்.

நண்பர் வாக்குத் தவறவில்லை. அப்பொருளைக் கொண்டு இருவருக்கும் ஓதிக் கொடுத்தார். ஒரு நாள் பணம் தீர்ந்தது. அவரோ பரம ஏழை. பணம் தீர்ந்ததும் பொறுப்பும் தீர்ந்தது என்று அவர் கைகழுவவில்லை. பிள்ளைகளைக் கூலி வேலைக்கும் அனுப்பவில்லை. உண்மை நிலையை ஒளிக்காமல் அவர்களிடமே சொல்லி, மாணவருக்கு உணவும் அளிக்கும் மதரஸாவில் சேரும்படி வழிகாட்டினார். வயிற்றுக்கும் கல்விக்கும் ஒரே இடத்தில் வழி பிறந்தது.

கஸ்ஸாலி (ரஹ்) பின்னர் நைஸாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ அவர்களிடம் பயின்றார். 1091ல் பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியரானார். 1095ல் அப்பதவியைத் துறந்தபோது, அவ்விடத்தில் பாடம் நடத்தியவர் தம்பி அஹ்மதே! துறவு வாழ்வு மேற்கொண்ட இமாமவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலை யாத்தார். இறுதியில் தூஸ் திரும்பித் தம் வீட்டருகே மாணவருக்கென ஒரு மதரஸா அமைத்தார். 1111ல் அங்கேயே வபாத்தானார்.

வணிகச் சகோதரர்களே! பிறர் பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்போர் நம்மிலும் உண்டு. சோறு போட்டோம், துணி எடுத்துக் கொடுத்தோம் என்பதோடு அக்கணக்கு முடிவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை உடனே கடையில் நிறுத்திவிட்டால் அது பாடம் படிப்பது எப்போது? நம் கையில் பணமில்லையெனில், உதவி கிடைக்கும் இடத்தைத் தேடிச் சேர்ப்பதும் நம் கடமையே. பிள்ளையும் ஓர் அமானிதம். அந்த ஏழை சூஃபி அதைக் குறைவின்றி நிறைவேற்றினார். நமக்கும் அல்லாஹ் அந்த மனத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.