எல்.ரீ.பீ. மஞ்சுசிறி (1902 – 1982)

தம்புள்ளை விகாரைக்குச் சென்ற மாணவர்கள் குகைகளின் கூரையை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். மாத்தளை மாவட்டத்தின் இவ்விகாரையிலுள்ள ஐந்து குகைகளிலும் ஏறத்தாழ 2100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள் உள்ளன. பாறையின் மேடுபள்ளங்கள் நிரவப்படவில்லை. அவற்றின் மீதே பந்தலுக்குத் துணி கட்டியது போல ஓவியம் படர்ந்து செல்கின்றது. நாம் இன்று காண்பவற்றுட் பெரும்பகுதி கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலும் (1747 – 1782) அதன் பின்னரும் தீட்டப்பட்டது. அதற்கு முன்னர் அங்கிருந்தவை அடியில் மறைந்துவிட்டன.

பழையதன் மேல் புதியதை வரைவது விகாரைகளில் நெடுங்கால வழக்கமாகும். முன்னைய ஓவியரும் பின்னைய ஓவியரும் ஒரே மரபில் வந்தவர்களாக இருந்தவரையில் இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. மரபுவழி ஓவியர் குறைந்தனர். கடையில் வாங்கும் எண்ணெய் வர்ணங்கள் வந்தன. விகாரையைப் புதுப்பிக்க விரும்பிய தருமவான்கள் நல்லெண்ணத்துடனேயே பழைய சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். ஒழுக்கு, விளக்குப்புகை, உதிரும் சுண்ணச்சாந்து என்பன எஞ்சியவற்றையும் அழித்துக்கொண்டிருந்தன. இவை முற்றாக மறையுமுன் தாளிற் பதிவு செய்யவேண்டுமென எண்ணி அதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் மஞ்சுசிறி ஆவார்.

அளுத்கமையில் 1902இல் பிறந்த இவர் சிறுவயதிலேயே துறவு பூண்டு பௌத்த பிக்குவானார். 1932இல் வங்காளத்திலுள்ள சாந்திநிகேதனுக்குச் சென்றார். இரவீந்திரநாத் தாகூர் நிறுவிய அக்கல்விக்கூடத்தில் கலாபவனம் என்னும் ஓவியப் பகுதியை நந்தலால் போஸ் வழிநடத்தி வந்தார். இங்கு ஒரு விடயத்தைக் கவனித்தல் வேண்டும். நந்தலால் போஸ் தாமே அஜந்தாவுக்கும் பாக் குகைகளுக்கும் சென்று சுவரோவியங்களைப் பிரதி செய்தவர். பழைய ஓவியத்தைப் பார்த்து வரைவது அங்கே வெறும் நகலெடுப்பாகக் கருதப்படவில்லை. மரபின் கோட்டைக் கை பழகிக்கொள்ளும் வழியாகவே கருதப்பட்டது.

இலங்கையில் இத்துறைக்கு ஏற்கனவே வழி திறந்தவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல், கண்டிக்கால ஓவியர்களின் பொருள்களையும் முறைகளையும் பதிவு செய்தது. வெள்ளைக்கு மக்குல் எனப்படும் வெண்களி, சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு ஒருவகை மரப்பால், கறுப்புக்கு விளக்குக்கரி, இவற்றைப் பிணைக்க விளாம்பிசின் என்றவாறு அவர்கள் வர்ணங்களைத் தாமே ஆக்கிக்கொண்டனர். கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொறுவ விகாரையின் ஓவியங்களைத் தீட்டிய தேவரகம்பொல சில்வத்தென்ன என்பவரும் காவியுடை அணிந்தவரே. ஆகவே தூரிகை ஏந்திய பிக்கு என்பது மஞ்சுசிறியுடன் தோன்றிய புதுமையன்று. ஆயினும் அவரது காலத்தில் அது பலருக்கும் விசித்திரமாகவே பட்டது.

விகாரை விகாரையாகச் சென்று அவர் சுவரோவியங்களைத் தாளில் வரைந்தார். நிழற்படம் எடுத்திருக்கலாமே என மாணவர் கேட்கக்கூடும். அக்காலத்தில் வர்ண நிழற்படம் அரிது, குகைகளோ இருண்டவை. அதனைவிட முக்கியமான காரணமும் உண்டு. கமரா புகைக்கறையையும் கோட்டையும் வேறுபடுத்தாமற் காட்டும். பழகிய கண்ணோ கறைக்கு அடியில் ஒரு தாமரை இதழ் எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்பதைப் பின்தொடரும்.

இதே காலத்தில் கொழும்பில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. இலங்கைக் கலைச்சங்கம் பிரித்தானிய முறையைத் தழுவி, கண்ணாற் காண்பதை அப்படியே காட்டும் நிலக்காட்சிகளையும் உருவப்படங்களையும் போற்றி வந்தது. இதில் நிறைவடையாத ஓவியர்கள் 1943 ஓகஸ்டில் லயனல் வென்டின் இல்லத்தில் கூடி ‘43 குழு’வை அமைத்தனர். ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலெற், ரிச்சட் கேப்ரியல், ஜெப்ரி பீலிங் ஆகியோருடன் மஞ்சுசிறி தேரரும் அதில் ஓர் ஆரம்ப உறுப்பினர். ஆங்கிலக் கல்வி பெற்ற, பெரும்பாலும் நகரத்தவரான அக்கூட்டத்தில் காவியுடையுடன் ஒரு பிக்கு அமர்ந்திருந்தார் என்பதை எண்ணிப்பாருங்கள். மற்றையோர் பரிஸ், இலண்டன் வழியாக நவீனத்துவத்தை அடைந்தனர். இவரோ விகாரைச் சுவர் வழியாக அடைந்தார். ஒளிநிழல் இல்லாத தட்டையான வர்ணம், உருவத்தைச் சுற்றி அறுந்துபோகாமல் ஓடும் கோடு, வெற்றிடத்தை நிரப்பும் பூவும் கொடியும் ஆகியன கண்டிக்கால ஓவியத்தின் இயல்புகள். ஐரோப்பிய நவீன ஓவியரும் இயற்கையை அப்படியே பிரதிபண்ணுவதைக் கைவிட்டுத் தட்டையான வர்ணத்தையும் கோட்டையும் நாடியிருந்தனர் என்பதை நினைவிற் கொள்க.

பரீட்சையில் மஞ்சுசிறியைப் பிரதி ஓவியர் என்று மட்டும் எழுதி நிறுத்துதல் போதாது. அவர் சொந்தக் கற்பனையிலும் வரைந்தவர். 1940களின் இறுதியில் துறவிலிருந்து நீங்கி இல்லறத்தில் புகுந்தார். விகாரைகளின் ஓவியங்களுக்காக உழைத்த ஒருவர் காவியைக் களைந்தது எளிதான முடிவாக இருந்திருக்க முடியாது. எனினும் சுவரோவியங்களைத் தேடிச்செல்வதை அவர் விடவில்லை.

அவ்வுழைப்பின் தேவையை மாத்தளை மாவட்டமே ஒருமுறை கண்கூடாக உணர்ந்தது. 1967 ஒக்ரோபரில் சீகிரியாப் பெண்ணுருவங்கள் மீது விஷமிகள் பச்சை வர்ணத்தை ஊற்றினர். 5ஆம் நூற்றாண்டிலிருந்து காற்றையும் மழையையும் தாங்கிய ஓவியங்கள் ஓரிரவில் உருக்குலைந்தன. இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சியின் உதவியுடன் அவை சுத்தம் செய்யப்பட்டன. அவ்வோவியங்களுக்கு 1890களில் டி.ஏ.எல். பெரேரா வரைந்த பிரதிகள் கொழும்பு நூதனசாலையில் இருந்தன. ஆனால் பெயர் அறியப்படாத எத்தனையோ கிராம விகாரைகளின் சுவர்களுக்கு அப்படி எவரும் பிரதி எடுத்திருக்கவில்லை. மஞ்சுசிறி சென்றது அத்தகைய விகாரைகளுக்கே.

அவர் திரட்டியவற்றுள் ஒரு பகுதி இலங்கை விகாரை ஓவியங்களின் அலங்காரக் கூறுகள் பற்றிய ஆங்கில நூலாக 1977இல் வெளிவந்தது. 1979இல் அவருக்கு ரமொன் மக்சேசே விருது வழங்கப்பட்டது. 1982இல் அவர் காலமானார். அலங்கார வடிவங்களை வரையப் பழகும் மாணவர் அந்நூல் நூலகத்திற் கிடைப்பின் அதிலுள்ள ஒரு பூக்கொடியையேனும் பென்சிலால் பின்தொடர்ந்து பார்க்கலாம். அதற்கு மூலமான சுவர் இன்று இல்லாமலும் இருக்கலாம்.