பாரதி பாட்டுக்குப் பொருள் தந்த நியாயவாதி

சுப்பிரமணிய பாரதியாரின் பாட்டைக் கேட்டறியாத தமிழ்ப் பிள்ளை எம் தீவுப் பகுதியிலே இல்லை. நாரந்தனையிலும் சரி, ஊர்காவற்றுறையிலும் சரி, பரிசளிப்பு விழாவாயினும் வாணி விழாவாயினும் அவர் பாட்டொன்று ஒலியாமல் மேடை நிறைவதில்லை. மிஷன் பாடசாலையிலே படித்த என் போன்றோரும் ஞானகீதங்களோடு அவற்றையும் பாடியே வளர்ந்தோம். ஆயின் அப்பாட்டுக்களுட் சிலவற்றைத் தம் கைப்பொருள் கொண்டு அச்சேற்றி, விலையின்றி ஊரெங்கும் வழங்கியவர் யார் என்று கேட்டால், பெரியோர்களிலும் சிலரே விடை சொல்வர். அவர் சென்னை மயிலாப்பூரிலே வாழ்ந்த வி. கிருஷ்ணசாமி ஐயர். எம்மவர் வழக்கிற் சொன்னால் ஓர் அப்புக்காத்து.

தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த திருவிடைமருதூரிலே 1863 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆந் தேதி அவர் பிறந்தார். தந்தையார் முன்சீப்பு உத்தியோகத்தர். கும்பகோணத்திலும் பின்பு சென்னை மாகாணக் கல்லூரியிலும் கற்று, சட்டந் தேறி, வக்கீல் தொழிலை மேற்கொண்டார். அந்நாளிலே சீமைக்குச் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றோர்க்கு இருந்த மதிப்பு, உள்ளூரிற் படித்த வக்கீல்மாருக்கு இருந்ததில்லை. உழைப்பினாலேயே அவர்கள் மேலெழுந்தார்கள். பி. ஆர். சுந்தரமையர் முதலிய மயிலாப்பூர் நண்பர்களோடு சேர்ந்து 1891 இல் வெளிவரத் தொடங்கிய சென்னைச் சட்டச் சஞ்சிகைக்கு இவர் உழைத்தார். தீர்ப்புக்களை ஒழுங்காகத் தொகுத்து வெளியிட்ட அந்தச் சஞ்சிகை வக்கீல்மாருக்கு உற்ற துணையாயிற்று.

அவர் பெயர் நாடெங்கும் பரவக் காரணமாயிருந்தது 1906 ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு பேரிடி. அர்பத்நாட் கம்பெனி என்பது சென்னையிலே பெரும் பெயர் பெற்ற ஆங்கிலேய வியாபாரத் தாபனம். ஓய்வு பெற்ற உத்தியோகத்தரும், கைம்பெண்களும், சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களும், வெள்ளைக்காரர் கடைதானே என்ற நம்பிக்கையில் தம் பணத்தை அங்கே வட்டிக்கு இட்டிருந்தனர். 1906 அக்டோபர் 22 ஆந் தேதி அது முறிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. பணம் இழந்தோர் பக்கம் நின்று வழக்காடியவர் கிருஷ்ணசாமி ஐயர். கம்பெனியின் தலைவர் சர் ஜோர்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார்.

வழக்கு வென்றதோடு அமர்ந்திருந்தால் அவரை நாம் இன்று நினைக்க வேண்டியதில்லை. கெட்டிக்கார அப்புக்காத்துமார் எக்காலத்திலும் உளர். எம்மக்கள் தம் சேமிப்பை வைப்பதற்கு எம்மவரே நடத்தும் வங்கி ஒன்று இல்லாமையன்றோ இத்துன்பத்துக்கு வேர் என்று அவர் கண்டார். கண்டதும் நண்பர்களுக்கு எழுதினார், கூட்டங் கூட்டினார், நாட்டுக்கோட்டைச் செட்டிமாரை அணுகினார். கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் எம் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்து பழகிய அவர்கள் கை கொடுத்தார்கள். 1907 மார்ச்சு 5 ஆந் தேதி இந்தியன் வங்கி பதிவாயிற்று. ஆகஸ்டு 15 ஆந் தேதி வேலை தொடங்கிற்று. (நாற்பது ஆண்டின் பின் அதே நாளிற் பாரதம் விடுதலை பெற்றது தற்செயலே ஆயினும் நினைக்க இனிக்கின்றது.) அவ்வங்கி 1932 இற் கொழும்பிலும் கிளை திறந்தது. அர்பத்நாட் முறிந்து ஓராண்டு நிறையுமுன் இத்தனையும் நடந்தேறியதை நோக்குங்கால், சங்கத்துக்கு ஒரு கட்டடம் கட்டப் பல ஆண்டு பேசும் எமக்குச் சற்று வெட்கமே உண்டாகின்றது.

சம்பாதித்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. 1905 இல் ஏழைகளுக்கு மருந்து வழங்க வேங்கடரமணா ஆயுள்வேத வைத்தியசாலையை நிறுவினார். 1906 இல் மயிலாப்பூரிலே சம்ஸ்கிருதக் கல்லூரியைத் தொடக்கினார். மகாமகோபாத்தியாயர் குப்புசாமி சாஸ்திரியார் அதன் அதிபராக அமர்ந்தார். ரானடே நூல்நிலையமும் அவர் முயற்சியாலே எழுந்தது. வடமொழிக்குக் கல்லூரி கண்டவர் தமிழுக்கு ஒன்று காணவில்லையே என்று எம் இளைஞர் கேட்பர். கேட்பது நியாயமே. ஆனால் தமிழுக்கு அவர் செய்தது வேறு வழியில் வந்தது.

1907 ஆம் ஆண்டு பாரதியாருக்கு வயது இருபத்தைந்து நிறையவில்லை; ஏறக்குறைய எங்கள் வயது. 'இந்தியா' வாரப்பத்திரிகையிலே மிதவாதிகளைக் கேலி செய்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த மிதவாதிகளுக்குச் சென்னையிலே முன்னணியில் நின்றவர் கிருஷ்ணசாமி ஐயர்தாம். புத்தக வெளியீட்டாளர் ஜி. ஏ. நடேசன் இளங்கவிஞரை அவரிடம் அழைத்துச் சென்றார். பாரதியார் தம் தேசப்பாட்டுக்களைப் பாடினார். கேட்டவர் உள்ளம் உருகிற்று. பாடியவன் எந்தக் கட்சி, தம்மை என்ன சொன்னான் என்று அவர் பார்க்கவில்லை. மூன்று பாட்டுக்களைச் சிறு பிரசுரமாக்கி 15,000 பிரதிகள் தம் செலவில் அச்சிட்டு இலவசமாகப் பரப்பினார். தமிழ்க் கவிஞன் ஒருவனின் பாட்டு அத்தனை கைகளுக்கு ஒருங்கே சென்றது அக்காலத்துக்கு அரிய செய்தி.

இதனால் இருவரும் ஒரே கட்சியாகிவிடவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலே சூரத்து நகரிற் காங்கிரசு பிளவுபட்டபோது ஐயர் மிதவாதிகளோடும் பாரதியார் திலகரோடும் நின்றனர். 1908 இற் பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று அடைக்கலம் புகுந்தார். 1909 இல் ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1911 இற் கவர்னரின் நிர்வாக சபையிலும் அமர்ந்தார். அந்நிய அரசின் பதவியை ஏற்றது சரிதானா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆயினும் அவர் அச்சிட்ட பாட்டுக்களே அவ்வரசின் வேரை அசைத்தவை என்பதையும் மறத்தல் ஆகாது.

பிற்காலத்தில் அப்பாட்டுக்கள் பட்ட பாடும் சொல்லத் தக்கது. இசைத்தட்டும் பேசும் படமும் வந்தபின், அவற்றிற் பாரதி பாட்டைப் பயன்படுத்தும் உரிமை விலைப்பொருளாயிற்று. கைமாறிக் கைமாறி அது ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. பாரதியைப் பாடப் பிறர் அநுமதி கேட்க வேண்டுமா என்று தமிழகம் கிளர்ந்தது. 1949 இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை ஏற்றது. செட்டியாரும் விலை கேளாது விட்டுக்கொடுத்தார். பின்னர் அவை பொதுச் சொத்தாயின. விலையின்றி வழங்கப்பட்ட பாட்டு விலைக்குப் போய் மீண்டும் விலையின்றித் திரும்ப நாற்பது ஆண்டுக்கு மேற் சென்றது.

இவற்றுள் எதனையும் ஐயர் காணவில்லை. நிர்வாக சபையில் அமர்ந்த அதே 1911 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆந் தேதி, நாற்பத்தெட்டாம் வயதிலே காலமானார். பாரதியார் அப்போது புதுச்சேரியிலே இருந்தார். சென்னைக் கடற்கரைச் சாலையிலே, பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தருகே, கிருஷ்ணசாமி ஐயருக்குச் சிலை எடுத்திருக்கிறார்கள்.