உப்பு தந்த அரியணை

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படம் நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் குழந்தைகள் பாடிக்கொண்டு ஏறும் படிக்கட்டு, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகரின் மிராபெல் பூங்காவில் இருக்கிறது. அங்குள்ள மாளிகையை 1606-இல் முதலில் எழுப்பியவர் ஒரு கத்தோலிக்கப் பேராயர். யாருக்காகத் தெரியுமா? தம்மோடு வாழ்ந்த பெண்ணுக்காக!

வோல்ஃப் டீட்ரிக் என்பது அவர் பெயர். பிறப்பு 1559. பாட்டியின் உடன்பிறந்தவர் போப்பாண்டவர் நான்காம் பயஸ். ரோமில் படித்த இவர், 28 வயது நிறையுமுன்பே, 1587-இல் பேராயரானார். நம்ம ஊர் ஆயர்களைப் போல என்று நினைத்துவிடாதீர்கள். அந்த உயர்மறைமாவட்டமே ஒரு நாடு. வரி, நாணயம், படை, நீதி எல்லாம் பேராயர் கையில்.

பணத்துக்கு ஆதாரம் உப்பு. நமக்கு உப்பு கடலோரம், அவர்களுக்கு மலைக்குள்! ஹாலைன் அருகே டூர்ன்பெர்க் மலைக்குள் தண்ணீர் விட்டுக் கரைத்து, அந்த உப்புநீரைக் காய்ச்சி, சால்சாக் ஆற்றில் படகேற்றி விற்றார்கள்.

பதவியேற்ற மறு ஆண்டே, 1588-இல், கத்தோலிக்கராக மாறாத லுத்தரன் குடிமக்கள் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். வீடு வாசலை விட்டுப் போனார்கள் பாவம். ஆனால் வணிகர் மகள் சலோமே ஆல்ட்டோடு அவரே குடும்பம் நடத்தினார், 15 குழந்தைகள். லுத்தரன் போதகர்கள் ஊரறிய மணம் செய்துகொள்ளலாம். இவருக்கோ ரோமிலிருந்து கடைசிவரை அனுமதி வரவில்லை. தாம் விரட்டிய மதத்தில் இருந்த உரிமைதான் தமக்கு வேண்டியிருந்தது! இந்த முரண்பாடு என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆனாலும் இன்று நாம் வியக்கும் சால்ஸ்பர்க் அவர் கனவுதான். 1598-இல் பேராலயம் தீக்கிரையானதும் அதை இடித்து, சுற்றியிருந்த வீடுகளையும் அகற்றி, இத்தாலிய பாணியில் விசாலமான சதுக்கங்கள் அமைத்தார். புதிய பேராலயத்தை முடிக்க மட்டும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

உப்பு தின்னவன் தண்ணி குடிக்கணுமே! உப்பு வியாபாரத்தில் பவேரியாவோடு தகராறு முற்றி, 1611-இல் பக்கத்திலிருந்த பெர்க்டெஸ்காடனைப் படையனுப்பிப் பிடித்தார். பவேரியப் பிரபு மாக்ஸிமிலியன் பெரும்படையோடு வர, தப்பியோடி வழியில் பிடிபட்டார். 1612-இல் பதவி துறந்தார். அடுத்துப் பேராயரானவர் யார்? தாய்மாமன் மகன் மார்க்குஸ் சிட்டிக்குஸ்! உறவென்று பார்த்தாரா? இல்லை. இவரைச் சிறையிலேயே வைத்தார். சலோமேக்குக் கட்டிய மாளிகைக்கு மிராபெல் என்று பெயரையும் மாற்றினார்.

நகருக்கு மேலே நிற்கும் ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையில் கைதியாகவே 1617-இல் வோல்ஃப் டீட்ரிக் இறந்தார். வேல்ஸ் நகரில் குடியேறிய சலோமே 1633 வரை வாழ்ந்தார். பேராயர்களின் ஆட்சியும் 1803-இல் முடிந்துபோயிற்று.

ஆயர் கையில் செங்கோல் வந்ததால் ஊர் அழகானது உண்மை. ஆனால் அதே கைதானே குடும்பங்களை ஊரைவிட்டு விரட்டியது? சால்ஸ்பர்க் போகும் நண்பர்களே, பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீங்க. கோட்டைக்கும் ஏறிப் பாருங்க.