நீர்மலையில் காத்திருந்த பரகாலர்

தாம்பரம் மாநகராட்சிக்குள் இன்று அடங்கியுள்ள திருநீர்மலையை ஸேவிக்கச் செல்லும்போது, புறவழிச்சாலையின் இரைச்சல் நம்மை மலையடிவாரம் வரை தொடர்கிறது. கீழே நீர்வண்ணனையும் மேலே மற்ற மூவரையும் ஸேவித்து விரைவில் இறங்கிவிடுகிறோம். திருமங்கையாழ்வாருக்கு இத்திருப்பதி அவ்வளவு எளிதில் கிட்டவில்லை. மலையை நீர் சூழ்ந்திருந்தமையால், அது வடியும்வரை ஆறு மாத காலம் ஆழ்வார் எதிரே தங்கியிருந்தார் என்று பெரியோர் வழிவழியாக அருளிச்செய்வர். காத்திருந்தவர் யார் என்பதை எண்ணினால்தான் இதன் அருமை நமக்கு விளங்கும்.

திருக்குறையலூரில், கார்த்திகை மாதத்துக் கார்த்திகை நன்னாளில், சார்ங்கத்தின் அம்சமாக அவதரித்த நீலர், சோழனுக்குப் படைத்தலைவராய் ஆலிநாட்டை ஆண்டவர். ஆடல்மா என்னும் குதிரைமீது ஏறினால், விரும்பியதைக் கைக்கொள்ளாமல் இறங்கியறியாதவர். திருவெள்ளக்குளத்தில் மருத்துவர் ஒருவர் வளர்த்த குமுதவல்லியாரையும் அப்படித்தான் விரும்பினார். அந்த நங்கையாரோ, திருவிலச்சினை பெற்றவரையே மணப்பேன் என்றார். ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுது செய்விக்கவும் வேண்டும் என்றார். நீலர் திருநறையூர் நம்பியிடம் திருவிலச்சினை பெற்றார். ததீயாராதனத்தில் செல்வம் கரைந்தது. சோழனுக்குச் செலுத்தவேண்டிய பகுதிப்பணமும் அதிலேயே போயிற்று. பின்பு வழிப்பறியில் இறங்கினார். ஒரு பெண்ணின் மீது கொண்ட காதல், அவர் அறியாமலே அடியார்களுக்குச் சோறிடும் கைங்கர்யமாக மாறிவிட்டதைப் பாருங்கள்!

திருமணங்கொல்லையில் மணக்கோலத்தில் வந்த வயலாலி மணவாளனை மறித்தார். அணிகளையெல்லாம் கவர்ந்தார், திருவடி விரலில் இருந்ததைப் பல்லாலும் கடித்து வாங்கினார். மூட்டை மட்டும் எழவில்லை. மந்திரம் செய்தாயோ என்று வாளை உருவியவருடைய செவியில் திருவெட்டெழுத்து விழுந்தது. பெரிய திருமொழியின் முதற்பதிகம், பாழாய்க் கழிந்த நாள்களை எண்ணி அழுவதாகவே தொடங்குகிறது. சற்றுத் தள்ளி வதரிப் பதிகத்தில், கோலூன்றி, இருமி, உடல் தளரும் முதுமை வருமுன்னே வணங்கிவிடுங்கள் என்று உலகோரை விரைவுபடுத்துகிறார். காலம் குறைவு என்பதை அவ்வளவு கூர்மையாக உணர்ந்தவர்தாம் நீர்மலையின் முன்னே ஆறு மாதங்களைச் செலவிட்டார். பறிக்க வந்தவராயின் நீந்தியோ ஓடமேறியோ போயிருப்பார்!

நீர் வடிந்து மலையேறியவர் அருளிய பதிகத்தின் முதற்பாசுரம் நமக்கு மிகவும் உருக்கமானது. நறையூரில் நின்றவன், திருவாலியில் இருந்தவன், குடந்தையில் கிடந்தவன், கோவலூரில் நடந்தவன் ஆகிய நால்வர்க்கும் இம்மலையே இடம் என்கிறார். நறையூர் அவர் இலச்சினை பெற்ற ஊர். ஆலி அவர் திருந்திய இடம். தம் வாழ்வு திரும்பிய இரு தலங்களையும் தொண்டைநாட்டு மலையொன்றில் கண்டுகொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து கடல்மல்லை, திருவிடவெந்தை எனப் பதிகங்கள் தொடர்கின்றன. 86 திவ்யதேசங்களைப் பாடியதையும் திருவரங்கத்து மதிற்பணியையும் இங்கே விரிக்கப் புகவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, அருகிலுள்ள முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, நீர் சூழ்ந்த அந்தப் பழைய மலையை நினைத்துக்கொண்டவர்கள் நம்மிற் சிலர் உண்டு.

ஆழ்வார் திருநாடு எழுந்தருளியது தெற்கே, திருக்குறுங்குடியில். திருநகரியில் இன்றும் குமுதவல்லி நாச்சியாருடனேயே ஸேவை ஸாதிக்கிறார்.